பேஸ்போலும் இல்லத்து வன்முறையும்

ஆட்டக்காரர் ஒருவர் தம் இல்லத்திற் புரிந்ததாகக் கூறப்படும் குற்றத்தை, அவரை ஊதியத்துக்கு அமர்த்திய விளையாட்டு நிறுவனம் விசாரித்தல் தகுமோ? அமெரிக்கப் பேஸ்போல் உலகம் இவ்வினாவை நெடுங்காலம் ஒதுக்கியே வந்தது. 2006ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிலடெல்பியா அணியின் பந்தெறிஞர் பிரெட் மயேர்ஸ், மனைவியை அடித்தாரென்னும் குற்றச்சாட்டிற் பொஸ்ரன் நகரிற் கைதானார்; மறுநாள் அந்நகரிலேயே தம் அணிக்காகப் பந்தெறிந்தார். மனைவி வழக்கை விரும்பாமையால் அது பின்னர் தள்ளப்பட்டது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. ஐயத்துக்கிடமற்ற சான்றின்றி நீதிமன்றம் தண்டியாது. இல்லத்தினுள் நிகழும் வன்முறைக்கோ பெரும்பாலும் துன்புற்றவளே சான்று. கணவனது ஊதியத்தால் வாழ்பவள் அவனுக்கெதிராக வாய்திறத்தல் எளிதன்று. ஆகவே, வழக்கு வீழ்ந்தமை ஒன்றே குற்றமின்மைக்குச் சான்றாகாது, குற்றத்துக்கும் சான்றாகாது.

2014இல் அமெரிக்கக் காற்பந்து வீரர் ரே ரைஸ் தாம் மணக்கவிருந்த பெண்ணை அடித்து வீழ்த்திய காட்சி வெளியாகி நாட்டை உலுக்கிற்று. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பேஸ்போல் மேஜர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் இணங்கி விதியொன்றை வகுத்தன. அதன்படி லீக்கின் ஆணையாளர் தாமே விசாரிக்கலாம். விசாரணையின்போது ஆட்டக்காரரை விடுப்பில் வைக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பின்றியும் ஊதியமில்லா இடைநிறுத்தம் விதிக்கலாம். தண்டனைக்குக் கீழெல்லையுமில்லை, மேலெல்லையுமில்லை. தண்டிக்கப்பட்டவர் நடுத்தீர்ப்புக்கு முறையிடலாம். வல்லுநர் அடங்கிய குழு அவர் திருந்துதற்குரிய சிகிச்சையை வகுக்கும்.

இவ்விதியின்படி முதன்முதல் தண்டிக்கப்பட்டவர் பந்தெறிஞர் அரோல்டிஸ் சப்மன். வழக்கெதுவும் தொடுக்கப்படாதபோதிலும், 2016 மார்ச்சு மாதத்தில் அவருக்கு 30 ஆட்ட இடைநிறுத்தம் விதிக்கப்பட்டது. விதியின் வலிமை இதனாற் புலனாகும். அதன் குறையும் இவர் வரலாற்றிலேயே உளது. பேஸ்போல் அணிகள் ஆட்டக்காரரைத் தம்முள் மாற்றிக்கொள்வது வழக்கம். குற்றச்சாட்டு வெளியானதும், 2015 டிசெம்பரில், லொஸ் ஏஞ்சலிஸ் அணி சப்மனைப் பெறவிருந்த பேரம் முறிந்தது. அம்மாதமே நியூயோர்க் யாங்கீஸ் அணி அவரைக் குறைந்த விலைக்குப் பெற்றது; 2016 யூலையில் கிளேபர் ரொறெஸ் உள்ளிட்ட நால்வருக்கு மாற்றாகச் சிக்காகோவுக்கு ஈந்தது. சிக்காகோ அவ்வாண்டே உலகத் தொடரை வென்றது. 2018இல் ரொபேட்டோ ஒசூனாவின் 75 ஆட்டத் தடை முடியுமுன்னரே ஹூஸ்ரன் அணி அவரை ரொறன்ரோவிடமிருந்து பெற்றது.

எனவே, தண்டம் ஆட்டக்காரரைச் சாரும், அணியைச் சாராது. இடைநிறுத்தக் காலத்து ஊதியம் அணிக்கு மிச்சமாகும். அவ்விழப்போ மனைவி மக்களையும் தாக்கும். நீதிமன்றம் நெருங்கவியலாத இடத்தில் நிறுவனமொன்று பொறுப்பேற்றமை போற்றத்தக்கதே. ஆயினும், குற்றச்சாட்டினால் விலை குறைந்தவரை வாங்கி அணிகள் பயனடையும்வரை அப்பொறுப்பு அரைகுறையானதேயாம்.