பாட்டில்லாத படம்

மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் அந்தக் காலத்தில் சினிமாவுக்குப் போவதென்றால் பாட்டுக் கேட்கப் போவதென்றே பாதி அர்த்தம். அப்பேர்ப்பட்ட 1954-ல், ஒரு பாட்டுக்கூட இல்லாத படம் ஒன்றை ஏ.வி.எம். வெளியிட்டது. அதுதான் 'அந்த நாள்'. டைரக்ட் செய்தவரோ சங்கீதக்காரர், வீணை எஸ். பாலசந்தர்! துணிச்சலைப் பாருங்கள். படம் முதலில் நன்றாக ஓடவில்லை என்பதில் வியப்பில்லை.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு வீசிய சமயம். ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, கூடப் பிறந்தவன், அவன் மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ஆசைநாயகி என்று சந்தேகத்துக்குரியவர்கள் ஐவர். துப்பறியும் அதிகாரி ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவரே. விசாரிக்க விசாரிக்க, 'கொன்றவர் யார்?' என்ற கேள்வி 'செத்தவன் எப்பேர்ப்பட்டவன்?' என்று மாறிவிடுகிறது. தன் திறமையைச் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் எதிரிக்கு ரகசியம் விற்றவன் அவன். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் சிவாஜி இந்த வேஷத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்!

அதே 1954-ல் அமெரிக்காவில் 'சடன்லி' வந்தது. ஜனாதிபதியைச் சுட ஒரு வீட்டில் காத்திருக்கும் கூலிக் கொலைகாரனாக பிராங்க் சினாட்ரா நடித்தார். 1962-ல் 'மஞ்சூரியன் கேண்டிடேட்'. அதில் கொரியா யுத்தத்தில் பிடிபட்ட சிப்பாயின் மூளையையே எதிரி மாற்றியனுப்புகிறான். அங்கே ஆபத்து வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறது. நம் ராஜனோ வீட்டிலேயே, மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். எனக்கென்னவோ இதுதான் அதிகம் பயமாயிருக்கிறது.

சரி, சுட்டது யார்? அதை எழுதினால் படம் பார்க்காதவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.