உஷார்! தாத்தாவின் ஹெரால்டு ஓடும், நிற்குமா?

பேட்டரி மாட்டியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பிளக் நான்கும் புதுசு. பல வருடமாக ஷெட்டில் தூங்கிய வண்டி, சாவியைத் திருப்பியதும் இருமி, புகை கக்கி, ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். 'வாங்க, சங்குமுகம் கடற்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்' என்று யாரோ கதவைத் திறக்கிறார்கள்.

ஏறாதீர்கள்! ஆபத்து ஆரம்பிப்பதே இங்கேதான்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் இன்ஜின் எளிமையானது. பெட்ரோலும் பொறியும் கிடைத்தால் எத்தனை வருடம் கழித்தும் எழுந்துவிடும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்படியல்ல. சும்மா நிற்கும் காலத்தில்தான் அவை அதிகம் கெடும். கெட்டதை வெளியே காட்டவும் காட்டாது. வீட்டிலேயே வண்டியைச் சீர்செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது இன்ஜினில், அடுத்து பெயின்டில். உயிரைக் காப்பது இந்த இரண்டுமே அல்ல.

வண்டலூரில் பிறந்த ஸ்பிட்ஃபயரின் அண்ணன்

எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி போன்ற அசல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் திருவனந்தபுரத்தில் கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நமக்கு அந்நியமில்லை. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1962-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். முன் சஸ்பென்ஷன் அதே குடும்பம். எனவே ஸ்போர்ட்ஸ் காருக்கு உரிய பலவீனங்கள் தாத்தாவின் குடும்பக் காருக்கும் அப்படியே உண்டு. எம்.ஜி.யோ ஹெரால்டோ, கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது.

இதற்கு மேல் நம் ஊர்க் காற்று. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு மழை. இடைவெளியில் கடற்கரையிலிருந்து உப்பு. ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இதைவிடக் கெட்ட ஊர் கிடைப்பது கஷ்டம்.

முன் சக்கரம் மடங்கும்!

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக இருக்கும். அது பித்தளை நிறத்தில் உள்ள ட்ரனியன் என்ற உறைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. இதற்குக் கம்பெனி சொன்னது ஆயில். கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 நம்பர் கெட்டி ஆயில். கிரீஸ் அல்ல!

நடப்பது என்ன? சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன்னோடு வருகிறவர், பார்த்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுப் போகிறார். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. மேலே இறுகிக் கட்டியாகி, அடியில் தண்ணீர் தேங்க இடம் கொடுக்கும். துரு மரையைத் தின்னும். கடைசியில் ஒரு நாள் தண்டு முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி விழும். பெரும்பாலும் வண்டியை முழுசாக வளைக்கும்போது, மெதுவான வேகத்தில் நடக்கும். அதிர்ஷ்டம் கெட்டால் பைபாஸில் நடக்கும்.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதா? வளைவு முடிந்தபின் தானாக நேராகத் திரும்ப மறுக்கிறதா? 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். கழற்றிப் பாருங்கள். மரையில் பள்ளமோ துருவோ தெரிந்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டும் பேச்சே வேண்டாம்; தண்டும் உறையும் சேர்த்து மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஆர்வலர்களின் தயவால் புது உதிரிகள் இன்றும் வருகின்றன. வாங்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் மாட்ட முடியாது.

பின் பக்கமும் சாதுவல்ல. 1960-களின் ஹெரால்டில் பின் அச்சு இரண்டாக மடங்கும் வகை. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து பின்பக்கம் வழுக்கும். பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல.

பெடல் கெட்டியாக இருக்கிறதே...

அதை நம்பாதீர்கள்! இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. ஷெட்டில் நிற்கும்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே வீல் சிலிண்டரின் சுவர் துருவால் குழி விழுந்திருக்கும். ரப்பர் பக்கெட் காய்ந்திருக்கும். இறக்கத்தில் முதல்முறை அழுத்தி மிதிக்கும்போதுதான் கிழியும். ஏற்ற இறக்கத்துக்குப் பேர்போன ஊரில் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமா?

இன்னொரு தந்திரமும் உண்டு. பழைய பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ஊறிப்போய்த் துவாரம் சுருங்கியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. டிரம் சூடாகி, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஆகவே லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் 'பிளீடிங்' பெயரளவுக்குச் செய்தால் போதாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, சந்தேகமானதை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155 டிகிரியாகச் சரிகிறது. போன வருடம் திறந்துவைத்த பாட்டிலை இந்த வருடம் ஊற்றாதீர்கள். சின்ன டப்பாவாக, சீல் உடையாததாக வாங்குங்கள். இன்ஜின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டுக்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பெட்ரோலே மாறிவிட்டது

உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோல் இப்போது பங்கில் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எதுவும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்ததல்ல. ரப்பர் மிருதுவாகி, வெடித்து, ஒழுகும். ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது? கொதிக்கும் எக்ஸாஸ்ட்!

எத்தனாலுக்குத் தண்ணீர் பிடிக்கும். மழைக்காலம் முழுக்க அரை டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டியில் ஈரம் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடி துருப்பிடிக்கும். ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கிவைக்காதீர்கள். எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய டேங்கில் ஓட்டையா? 'காலிதானே, ஒரு வெல்டிங் வைத்துவிடுவோம்' என்று சொல்கிறவரை அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே நிற்பது வெடிக்கக் காத்திருக்கும் ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, மூலையில் இருக்கும் இன்வெர்ட்டரின் பொறிவரை போகும். உதிரிகளைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

மின்சாரமும் இதோடு சேர்ந்ததுதான். இந்த வண்டிகளில் ஃபியூஸ் மிகக் குறைவு, எம்.ஜி. கம்பெனியின் எம்.ஜி.பி. காரின் ஆரம்பகால மாடலில் இரண்டே இரண்டு. இவற்றில் உள்ள லூக்காஸ் கம்பெனி வயரிங்கில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வருவது. அதன் உறை உரிந்து பாடியில் தொட்டால் அணைக்க வழியில்லை. பேட்டரியில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். பழைய டைனமோ வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாட்டும் முன் பாருங்கள்.

வெட்டுக்கல்லை நம்பிக் கீழே போகாதீர்கள்!

காம்பவுண்டு ஓரத்தில் மிச்சம் கிடக்கும் வெட்டுக்கல்லை முட்டுக் கொடுத்து வண்டிக்கு அடியில் நுழைவது நம் ஊர் வழக்கம். வெட்டுக்கல் ஈரத்தில் பொடிந்து நொறுங்கும். ஹாலோ பிளாக் எச்சரிக்காமல் உடையும். ஹெரால்டு லேசான வண்டிதான். சுமார் 800 கிலோ. மார்பின் மேல் அதில் கால்பங்கு போதும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. அதுவும் கான்கிரீட் தரையில். மண் தரையில் ஸ்டாண்டின் கால் இறங்கும். அடியில் ஒருவர் இருக்கும்போது வெளியே இன்னொருவர் இருக்க வேண்டும்.

மழை பெய்கிறது என்று ஷெட் ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜின் ட்யூனிங் செய்வதும் அதே ரகம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றும்போது எழுந்து போகக் கால் வராது. ஈரத் தரையில் கிரைண்டர் பிடிக்கிறீர்கள் என்றால், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு சுவிட்ச்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டிக்குப் பின்னால் என்ன?

பளபளக்கும் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பகுதி, மட்கார்டு விளிம்பு, டிக்கித் தரை என்று நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, பட்டி. ஹெரால்டில் பாடியைத் தாங்கும் சேஸிஸ் கைகள் முதலில் அழுகும். எம்.ஜி.பி.யில் தனி சேஸிஸே கிடையாது. கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற விளிம்புதான் வண்டியின் முதுகெலும்பு. அதைக் குறுக்குத் தாங்கல் இல்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவே சாத்தாது. அந்த வெல்டிங் வீட்டு வேலை அல்ல.

மூச்சையும் காப்பாற்றுங்கள். பழைய பிரேக் லைனரிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத் தடை இல்லை என்பதால், புதிதாக ஒட்டிக் கொடுத்த லைனரும் பத்திரம் என்று சொல்ல முடியாது. டிரம்மைத் திறந்ததும் வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் டூ-பேக் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைத் தரும். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பெயின்டை பூத் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

ஆர்.சி. பொறி

'பேப்பர் இல்லை, விலை குறைத்துத் தருகிறேன்' என்றால் நடையைக் கட்டுங்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்களுடையது அல்ல. இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே ஆர்.சி. இருந்தால் வேலை தொடங்கும் முன் பெயரை மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருமுனை வரைகூட வேண்டாம்.

பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி இன்ஜினைப் போடும் ஆசை வருகிறதா? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள்! அந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்பது போன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் வரலாம்.

வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் பிரேக். அடுத்து ட்ரனியனும் ஸ்டீயரிங்கும். பிறகு பெட்ரோல் லைன், வயரிங், டயர். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2312 என்றால் 2012-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அது கிழட்டு டயர். இவ்வளவும் முடிந்தபின்தான் இன்ஜினின் அழகு, கடைசியில் பெயின்ட்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில், தனியாக. குழந்தைகள் வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், 101-ஐ அழையுங்கள். பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு சக்கரத்தில் ஈரம் பட்டாலும் சாவியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.