மலைப்பாதை ஜீப்பின் வில்லும் அதிர்ச்சி உறிஞ்சியும்

(விஞ்ஞானம்: விசை, சக்தி, திருப்பம், சமநிலை ஆகிய அலகுகளுக்கான பிரயோக விளக்கம்)



பதுளையிலிருந்து பசறை, மடூல்சீமைப் பக்கமோ, ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டப் பக்கமோ போயிருக்கிறீர்களா? பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பியதும் கல்லும் குழியுமான வழி தொடங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். கொழுந்து மூட்டை, உர மூட்டை, அவசரத்துக்கு நோயாளி என எல்லாம் இவ்வழியேதான் போகவேண்டும்.

இப்பாதைகளில் ஓடும் ஜீப்பின் உரிமையாளர் சிலர், "வில்லைத் தடிப்பாக்கி வண்டியை உயர்த்தினால் எல்லாம் சரி" என நினைப்பதுண்டு. அது சரியா? விற்றராசு, திருப்பம், சக்தி நிலைமாற்றம் பற்றி நீங்கள் கற்றவற்றைக் கொண்டே விடை காணலாம்.

1. தொங்கல் தொகுதியின் பகுதிகள்

சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் இருப்பது தொங்கல் தொகுதி. அதில் முக்கியமானவை இரண்டு.

(அ) வில்: 1948 இல் அறிமுகமான லேண்ட் றோவரின் பழைய வகைகளில் தகட்டு வில்கள் உள்ளன. நீளம் குறைந்துகொண்டே போகும் உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டியதே தகட்டு வில். கராஜில் இதனை 'ஸ்பிரிங் பிளேட்' என்பர். பின்வந்த பல வண்டிகளில் சுருளி வில்கள் உள்ளன.

(ஆ) அதிர்ச்சி உறிஞ்சி: இதுவே 'சொக் அப்சோபர்'. உருளையொன்றினுள் எண்ணெயும் முசலமும் உண்டு. முசலம் அசையும்போது எண்ணெய் சிறு துளைகளினூடாகத் தள்ளப்படுகிறது.

வில் சக்தியைச் சேமிக்கும். அதிர்ச்சி உறிஞ்சி அச்சக்தியை வெப்பமாக மாற்றி வெளியேற்றும். வில் மட்டும் இருந்தால், ஒரு குழியில் விழுந்த வண்டி பல தடவை துள்ளும். துள்ளும் கணத்தில் டயர் நிலத்தை அழுத்துவது குறையும், உராய்வும் குறையும். அப்போது பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது, சுக்கானைத் திருப்பினாலும் திரும்பாது. இறக்கப் பாதையில் இது உயிராபத்து.

2. தடித்த வில் எப்போது பொருந்தும்?

விற்றராசில் விசை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காகும். வண்டியின் வில்லும் குறித்த எல்லைக்குள் ஏறத்தாழ அவ்வாறே நடக்கும்.

உதாரணம் 1: ஒரு ஜீப்பின் பின் வில் ஒவ்வொன்றையும் 1 மி.மீ. அமுக்க 40 நியூற்றன் தேவை எனக் கொள்வோம். பின் அச்சின் மீது 400 கிலோகிராம் சுமை ஏற்றப்படுகிறது. (g = 10 எனக் கொள்க.)

சுமையின் நிறை = 4000 நியூற்றன்
ஒரு வில்லுக்கு = 2000 நியூற்றன்
அமுக்கம் = 2000 ÷ 40 = 50 மி.மீ.

இருமடங்கு விறைப்பான, 80 நியூற்றன் வில் போட்டால் அமுக்கம் 25 மி.மீ. மட்டுமே. தினமும் சுமை ஏற்றும் வண்டிக்கு இது நல்லது.

ஆனால் அதே வண்டி வெறுமையாகப் போகும்போது, சக்கரமொன்று 30 மி.மீ. உயரக் கல்லில் ஏறுகிறது என்போம். வில் அவ்வளவும் அமுங்கினால் பழைய வில் உடலை மேலதிகமாக 1200 நியூற்றனால் தள்ளும். புதிய வில்லோ 2400 நியூற்றனால் தள்ளும். பின்னால் இருக்கும் நோயாளிக்கோ கர்ப்பிணித் தாய்க்கோ அந்த அடி எப்படி இருக்கும் என எண்ணிப் பாருங்கள். எனவே வில்லைத் தெரிவுசெய்யுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி: "இவ்வண்டி பெரும்பாலான நாட்களில் எவ்வளவு சுமை ஏற்றும்?"

கவனிக்க: வில்லைத் தடிப்பாக்குவதால் வண்டி ஏற்றக்கூடிய உச்சச் சுமை கூடாது. அச்சு, பிரேக், டயர், செசி ஆகியவை பழையபடிதான் உள்ளன.

3. வண்டியை உயர்த்தினால் என்ன நடக்கும்?

உயர்த்துவதால் உடலின் அடிப்பாகம் கல்லில் முட்டுவது குறையும். எனினும் புவியீர்ப்பு மையமும் மேலே போகும். சரிவில் நிற்கும் வண்டியின் புவியீர்ப்பு மையத்தினூடான நிலைக்குத்துக் கோடு கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு வெளியே விழுந்தால் வண்டி கவிழும்.

உதாரணம் 2: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1.3 மீ., புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.70 மீ., திணிவு 1500 கிலோகிராம் எனக் கொள்வோம்.

கவிழும் கோணத்தின் தான்சன் = 0.65 ÷ 0.70 = 0.93, கோணம் ஏறத்தாழ 43 பாகை.

வில்களை மாற்றி உடலை 5 ச.மீ. உயர்த்துகிறோம். சக்கரமும் அச்சும் உயராததால் மையம் 4 ச.மீ. உயர்ந்ததாகக் கொள்வோம். 0.65 ÷ 0.74 = 0.88, கோணம் 41 பாகை.

உயர்த்தாத வண்டியின் கூரையில், 1.90 மீ. உயரத்தில், 200 கிலோகிராம் ஏற்றினால்? திருப்பங்களைக் கொண்டு புதிய மையத்தைக் காண்போம்.

(1500 × 0.70 + 200 × 1.90) ÷ 1700 = 0.84 மீ.; கோணம் 38 பாகை.

உயர்த்திய பின் கூரையிலும் அதே சுமையை ஏற்றினால் கோணம் 36 பாகை அளவுக்குக் குறைகிறது. மொத்த இழப்பு 7 பாகை. உண்மையில் இதனிலும் குறைந்த சரிவிலேயே வண்டி கவிழும். ஏனெனில் கீழ்ப்பக்க வில் அமுங்கும். வளைவில் வேகமும் சேரும். கீழ்ச்சக்கரம் குழியிலும் இறங்கலாம். ஆகவே தேவைக்கு மேல் உயர்த்தக்கூடாது. பாரமான பொருள் எப்போதும் தரைத்தட்டில் இருக்கவேண்டும்.

4. தெரிவுசெய்யும் ஒழுங்கு

* முதலில் பழுதைத் தேடுக. உடைந்த தகடு, தேய்ந்த புஷ், எண்ணெய் கசியும் அதிர்ச்சி உறிஞ்சி ஆகியவற்றை மாற்றினாலே பல வண்டிகள் சீராகிவிடும்.
* வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விடுக. உடல் துள்ளிக்கொண்டே இருந்தால் அதிர்ச்சி உறிஞ்சி வலுவிழந்துள்ளது.
* வில்லுக்கேற்ற அதிர்ச்சி உறிஞ்சியைத் தெரிக. தடித்த வில்லுடன் வலுவற்ற உறிஞ்சி சேர்ந்தால் துள்ளல் கூடும்.
* எண்ணிக்கையில் குறைந்த, முனையை நோக்கி மெலியும் பரவளைவுத் தகட்டு வில்லில் தகடுகளுக்கிடையே உராய்வு குறைவு. ஓட்டம் மென்மையாகும், ஆனால் துள்ளலை அடக்க நல்ல அதிர்ச்சி உறிஞ்சி அவசியம்.
* ஒரே அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றுக. இல்லையேல் வண்டி ஒரு பக்கம் சாயும்.

5. பொருத்தும்போது

சமதரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் போகக்கூடாது. செசியை உறுதியான தாங்கிகளில் இருத்திய பின்னரே வில்லைக் கழற்றவேண்டும். வில்லை அச்சுடன் பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவது நல்லது. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையிலேயே இறுதியாக முறுக்கவேண்டும். வண்டியை உயர்த்தியிருந்தால் பிரேக் குழாய் இழுபடுகிறதா, முன்விளக்கின் ஒளி மேலே போகிறதா எனப் பார்க்கவேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கவேண்டும். இவ்வேலை பயிற்சி பெற்றவருக்குரியது. நீங்கள் அருகிலிருந்து அவதானிக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உதாரணம் 1 இன் பழைய வில்களின் மீது 600 கிலோகிராம் ஏற்றினால் அமுக்கம் யாது?
2. அதிர்ச்சி உறிஞ்சியில் நிகழும் சக்தி நிலைமாற்றம் யாது?
3. சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முறுக்கினால் வரும் தீங்கு யாது?

விடைகள்

1. 75 மி.மீ.
2. இயக்கசக்தி வெப்பசக்தியாக மாறுகிறது.
3. வண்டியை இறக்கியதும் புஷ்ஷின் இறப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழியும்.

நினைவில் கொள்க: சுமைக்கு ஏற்ற வில், வில்லுக்கு ஏற்ற அதிர்ச்சி உறிஞ்சி, இயன்றவரை தாழ்ந்த புவியீர்ப்பு மையம். அடுத்த முறை தோட்டப் பாதையில் ஜீப்பில் ஏறும்போது, அதன் கூரையையும் பின் வில்லையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுங்கள்.