வானத்திலிருந்து விழும் பேத்தை மீன்

சூரசம்ஹாரத்தில் யானைமுகம், சிங்கமுகம் என்று அசுரத் தலை மாறிக்கொண்டே வரும். அந்த நொடியைப் பார்க்கத்தான் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். 1562-இல் பீட்டர் புரூகல் தீட்டிய ‘கலகத் தூதர்களின் வீழ்ச்சி’ அதே நொடியைப் படம் முழுக்க நிரப்பி வைத்திருக்கிறது.

கடவுளை எதிர்த்த வானதூதர்களான சம்மனசுகள் மேலே உள்ள ஒளிவட்டத்திலிருந்து கொட்டுகிறார்கள். நடுவில் பொற்கவசம் பூண்ட அதிதூதர் மிக்கேல், ஈர்க்குச்சி போல ஒல்லியாக, வாளை ஓங்கி நிற்கிறார். காலடியில் ஏழுதலைப் பறவைநாகம். விழுகிறவர்கள் கீழே வர வர மீனாகவும் தவளையாகவும் பூச்சியாகவும் ஆகிவிடுகிறார்கள்.

கொம்பும் கோரைப்பல்லும் வைத்து ஓர் அரக்கனை யாரும் வரைந்துவிடலாம். புரூகல் பசாசுகளை உண்மையான உயிர்களைக் கொண்டே செய்தார். ஊதிப் புடைத்த பேத்தை மீன் ஒன்று இருக்கிறது. நம் மலையின் அழுங்கைப் போலவே உடம்பில் கவசம் கொண்ட அமெரிக்க விலங்கான அர்மடில்லோவின் ஓடு இருக்கிறது. தவளை போன்ற ஒன்று தன் வயிற்றைத் தானே கிழித்து முட்டைகளைக் காட்டுகிறது. ஒரு பசாசின் முதுகில் மட்டும் அத்தனை அழகான பட்டாம்பூச்சிச் சிறகு! வெறுப்போடு வரைந்த கை அந்தச் சிறகின் ஒவ்வொரு புள்ளியையும் இவ்வளவு பொறுமையாக வைத்திருக்காது.

இத்தனை தேசத்து உயிர்கள் அவருக்கு எப்படித் தெரிந்தன? அவர் அப்போது வாழ்ந்த ஆண்ட்வெர்ப் பெரிய துறைமுகம். தேவாரம் ஊரில் நின்றால் மேற்கே சாக்கலூத்து மெட்டுப் பக்கம் தெரிகிற மலைத்தொடர் இருக்கிறதே, அதன் மறுசரிவுகளின் மிளகு மலையாளக் கரையில் கப்பலேறி, லிஸ்பன் வழியாக அந்த ஊர்ச் சந்தைக்கும் போனது. அதே கடல்வழிகளில் பதப்படுத்திய விலங்குகளும் சிப்பிகளும் வந்திறங்கின. வசதியானவர்கள் அவற்றை வீட்டில் சேர்த்து வைத்தார்கள்.

ஓவியம் 117 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம், ஓக் பலகையில் தீட்டியது. அக்காலத்து வழக்கப்படி பலகையில் முதலில் சுண்ணக்கல் மாவும் விலங்குத்தோல் பசையும் குழைத்து வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள். அதன்மேல் எண்ணெயில் அரைத்த வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றுவார்கள். ஒளி படலங்களை ஊடுருவி, வெள்ளையில் பட்டுத் திரும்பும். அதனால்தான் நிறம் உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகம் 1846-இல் இதை வாங்கியது. இத்தனை விசித்திரமான உருவங்கள் போஷ் என்ற மூத்த ஓவியரின் கைவேலையாகத்தான் இருக்கும் என்று நம்பிவந்தார்கள். 1898-இல்தான் மரச்சட்டத்துக்கு அடியில், இடது கீழ்மூலையில், புரூகலின் பெயரும் ஆண்டும் கண்ணில் பட்டன.