தசையின் இருப்பு குறைகிறதா?

கடையில் சரக்கு குறைந்தால் மாலைக்குள் தெரிந்துவிடுகிறது. உடம்பில் தசை குறைவது ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைவதாகக் கணிக்கிறார்கள். அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. இதற்கு 'சார்கோபீனியா' என்று 1989-இல் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க்.

விழுப்புரம், திண்டிவனம் மண்டிகளில் இளவயதில் மணிலா, உளுந்து மூட்டைகளைத் தாமே தூக்கியவர்கள் பலர். வியாபாரம் வளர்ந்ததும் மூட்டை ஆட்களிடம் போயிற்று. முதலாளி கல்லாவில் அமர்ந்துவிட்டார். வேலை இல்லாத தசை விரைவில் கரையும். கால் வலுவிழந்து வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் கடையை யார் பார்ப்பது?

சோதித்துப் பாருங்கள்

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆசிய மருத்துவக் குழு 2019-இல் வகுத்த அளவு இது.

வயதாகிவிட்டதே என்கிறீர்களா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி தந்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990-இல் வெளியான ஆய்வு இது.

கடையிலேயே செய்யலாம்

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது இவற்றைச் செய்யுங்கள்:

1. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல்.
2. மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குதல், பத்து முறை.
3. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், பத்து முறை.
4. இரு கைகளிலும் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பிடித்து, முழங்கையை மடக்கி நீட்டுதல், பத்து முறை.

எளிதானதும் எடையையோ எண்ணிக்கையையோ கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். இதயநோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பது, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அடங்கும்.

பயிற்சியோடு புரதமும் வேண்டும். பருப்பு, கொண்டைக்கடலை, மணிலா எல்லாம் நம் கடையிலேயே உள்ளன. ஊருக்கு அளந்து கொடுக்கும் நாம் நமக்கும் கொஞ்சம் எடுத்து வைப்போம்!