ரத்தத்தில் தெரியாத கட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர் இடுப்பு வலிக்கிறது என்றால், பாரம் தூக்கியதில் பிடித்திருக்கும் என்பார்கள். தைலம், ஒரு ஊசி, மறுநாள் ஷிஃப்ட். அது மல்டிபிள் மைலோமாவாக, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயாக, இருக்கலாம் என்று அன்றும் யாருக்கும் தோன்றவில்லை, இன்றும் தோன்றுவதில்லை. மாறியிருப்பது, கண்டுபிடித்த பிறகு நடப்பது.

1980களில் இங்கிருந்து ரயிலேறி, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்கோ, 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போனால் மெல்ஃபலானும் பிரெட்னிசலோனும்தான் மருந்து. பாதிப் பேர் சுமார் மூன்று வருடம் தாண்டினார்கள். 1999-ல், ஒரு காலத்தில் ஊனக் குழந்தைகள் பிறக்கக் காரணமான தாலிடமைடு இந்த நோய்க்கு உதவும் என்று தெரிந்தது. 2003-ல் போர்டிசோமிப் வந்தது. இப்போது அதை வயிற்றுச் சதையில் ஊசியாகப் போட்டுக்கொண்டு சாயங்கால ரயிலில் வீடு திரும்பிவிடலாம். கால் மரத்துப்போகும், செருப்பு நழுவினால்கூடத் தெரியாது. ஆனாலும் வருடங்கள் கூடின.

கூடாத இடம் ஒன்று உண்டு. நோய் மஜ்ஜையை விட்டு வெளியே வந்து, ஈரல், தோல், நெறிக்கட்டி என்று சதையில் கட்டியாகத் திரும்புவது. எலும்பை ஒட்டியே வளரும் கட்டி கொஞ்சம் பரவாயில்லை. ரத்தத்தின் வழியே பரவி எலும்பைத் தொடாமல் வருவதுதான் பொல்லாதது. புது மருந்துகள் வந்த பிறகும் இவர்களுடைய ஆயுள் பல ஆய்வுகளில் ஒரு வருடத்தைச் சுற்றியே நிற்கிறது.

முன்பு இதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ரத்தத்தில் இந்த நோயை அளக்க உதவும் எம் புரதம் குறைந்திருக்கும், ரிப்போர்ட் நன்றாக இருக்கும், கட்டி மட்டும் வளரும். ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியடைகிற பழக்கம் நம்மிடம் அதிகம். இன்று பெட் சி.டி. ஸ்கேன் அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. 2025-ல் வெளியான ஒரு ஆய்வில், இப்படிக் கட்டி வந்த 90 பேருக்கு டெக்லிஸ்டமாப், டால்குவெட்டமாப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 79 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது. இந்தக் கட்டிக்கு இவ்வளவு பெரிய எண்ணிக்கை புதிது. தொற்று அபாயம் அதிகம், விலையோ மாதச் சம்பளக்காரர் எட்டிப் பார்க்கவே முடியாதது.

மைலோமாவுக்கு மருந்து எடுப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், குளிக்கும்போது விலாவிலோ மார்பிலோ நெற்றியிலோ புதிதாக ஒரு முடிச்சு கையில் தட்டுப்பட்டால், அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.