நெஞ்சின் நிழலும் குருதியின் குறியும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் நாடுகளுள் குண்டூர் நாடும் ஒன்றாம். ஈண்டுக் கொரோனா போன்ற வைரஸ் நோய் ஒருவரைப் பற்றின், அவரை இல்லத்தே பேணலாமோ, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்குக் கொணர்தல் வேண்டுமோ என்பது உயிர்வினாவாகும். நோயின் வன்மையை மருத்துவர் அளக்குமாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

1895-ஆம் ஆண்டு ரான்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்ப்படத்தில், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும், அழற்சியுற்ற பகுதி வெண்மையாகவும் தோன்றும். சி.டி. படத்திலோ நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தனித்தனியே 5 வரை மதிப்பெண் இட்டு, 25-க்கு இத்துணை எனக் கணிப்பர்.

குருதியும் குறி காட்டும். அழற்சி மிகுங்கால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாய் ஆக்கும். டி-டைமர் உயர்தல் குருதிக்கட்டி உண்டாதலை ஐயுறச் செய்யும். லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் குறைதலும் தீக்குறியே.

எனினும் இவற்றுள் யாதொன்றும் தனித்து நின்று முடிவு கூறாது. நோயின் தொடக்க நாட்களில் படம் மாசின்றித் தோன்றுதலும் உண்டு.

ஆதலின் முதற்கண் நோக்கற்பாலது மூச்சே. 2021-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் வகுத்த நெறியின்படி, நிமிடத்திற்கு மூச்சு 24 ஆயினும், ஆக்சிஜன் அளவு 93 விழுக்காடோ அதனிற் குறைவோ ஆயினும், நோயாளியை மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டும். 90-க்குக் குறையின் அது கடுநோய்.

1929-இல் இம்மலையிலேயே காய்ச்சலால் உயிர்நீத்த மிஷனரி ஜெசி பிராண்ட் ஐயர் காலத்தில் சி.டி. படம் இல்லை, மூச்சை எண்ணுதற்கோ, அன்றும் இன்றும் கடிகாரம் ஒன்றே போதும். மலையூர்களுக்குச் செல்லும் நண்பர்காள், எண்ணிப் பார்மின். எண் மிகின், படத்திற்குக் காத்திராது நோயாளியை விரைந்து இறக்குமின்.